நூற்றில் ஒன்பது

1999-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பெல்ஷில் மகப்பேறு மருத்துவமனைக்குத் தலைப்பிரசவச் செக்கப்புக்காகப் போய்வந்துகொண்டிருந்தார் நாடின் மாண்ட்கோமரி. குள்ளமான உடல்வாகு. இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டிய சர்க்கரை நோய். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியல் படித்துவிட்டு மருந்து நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். அம்மாவும் டாக்டர், சகோதரியும் டாக்டர். வெள்ளைக் கோட்டைக் கண்டு மிரளும் ஆள் இல்லை. இத்தனை இருந்தும், தன் பிரசவத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஒரு விஷயம் அவருக்குத் தெரியவில்லை. அவரைக் கவனித்துவந்த டாக்டருக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

சிகிச்சையில் உள்ள ஆபத்தையும் மாற்று வழியையும் கர்ப்பிணியிடம் சொல்லியாக வேண்டும் என்ற பிரிட்டிஷ் சட்டம் இந்தச் சொல்லாமையிலிருந்துதான் பிறந்தது. பிறக்க 16 ஆண்டுகள் ஆயின.

தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் குழந்தை பெரிதாக வளர வாய்ப்பு அதிகம். வளர்த்தியும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, தோளிலும் மேலுடம்பிலும் கூடுதலாகச் சேரும். பொதுவாகக் குழந்தையின் உடம்பில் அகலமான பாகம் தலைதான். தலை வந்துவிட்டால் மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சர்க்கரை நோயுள்ள தாய்மாரின் குழந்தைகளில் சிலருக்குத் தலை வெளியே வந்த பிறகு தோள் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்கிறது. அப்படி மாட்டிக்கொள்ள நூற்றில் ஒன்பது முதல் பத்து வரை வாய்ப்பு உண்டு என்பதை வழக்கில் இரு தரப்புமே ஒப்புக்கொண்டார்கள்.

தோள் மாட்டிக்கொண்டால் எல்லாக் குழந்தைக்கும் கேடு வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாயின் இரு கால்களையும் வயிற்றை நோக்கி மடக்கிப் பிடித்தாலே பல சமயம் தோள் விடுபட்டுவிடும். விடுபடாவிட்டால் அடிவயிற்றில் அழுத்துவார்கள். அதிலும் நடக்காவிட்டால் வெளியே வந்த தலையைத் திரும்ப உள்ளே தள்ளி, வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கப் பார்ப்பார்கள். இல்லையென்றால் தாயின் இடுப்பெலும்பு முன்பக்கம் சேரும் மூட்டையே வெட்டுவார்கள். வழக்கில் வந்த கணக்குப்படி, கையின் நரம்பு சேதமடைந்து கை செயலிழக்கும் வாய்ப்பு ஐந்நூறில் ஒன்று. தொப்புள்கொடி நசுங்கி மூளைக்குப் பிராணவாயு நின்றுபோகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

டாக்டரின் கணக்கில் நின்றது இந்தக் கடைசி எண். நாடினிடம் சொல்லியிருக்க வேண்டியது முதல் எண்.

குழந்தை பெரிது என்பது மட்டும் நாடினுக்குத் தெரியும். ஸ்கேன் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். 36-வது வாரச் செக்கப்பில் அவர் தன் பயத்தை வாய்விட்டே சொன்னார்: இவ்வளவு பெரிய குழந்தை சுகப்பிரசவமாக வெளியே வருமா? வரும், ஏதாவது சிக்கல் என்றால் சிசேரியன் செய்துகொள்ளலாம் என்று பதில் கிடைத்தது. நாடின் அதை நம்பி ஒத்துக்கொண்டார். கேட்பதற்கு அது போதுமான பதில் போலத்தான் இருக்கிறது. ஆனால் தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டால் சிசேரியன் என்ற கதவு ஏறக்குறைய அடைபட்டுப்போகிறது என்பதை அந்தப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு ஸ்கேனும் எடுக்கவில்லை. குழந்தையின் எடையைச் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணுக்குப் பதற்றம் கூடுகிறது என்பது காரணம்.

அக்டோபர் 1. வலி வர மருந்து கொடுத்துப் பிரசவம் பார்த்தார்கள். மாலை 5.45-க்குக் குழந்தையின் தலை பாதி வெளியே வந்தது. தோள் மாட்டிக்கொண்டது. நாடினுக்கு முழு மயக்க மருந்து கொடுத்தார்கள், தலையை உள்ளே தள்ளிப் பார்க்கலாமா என்று. பிறகு வேறு வழியில்லை என்று டாக்டர் தலையைப் பிடித்து இழுத்தார். இன்னொருவர் அடிவயிற்றில் அழுத்தினார். இடுப்பு மூட்டை வெட்டத் தொடங்கினார்கள். பிளேடு நிலையாகப் பொருத்தப்பட்ட கத்தி கையில் இல்லை, முழுதாக வெட்டி முடிப்பதற்குள் பிளேடு கழன்றுவிட்டது. கடைசியில் டாக்டர் தன் முழு பலத்தையும் திரட்டி இழுத்ததில் 5.57-க்குத் தோள் விடுபட்டது. பன்னிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் தொப்புள்கொடி நசுங்கிக் குழந்தையின் மூளைக்குப் பிராணவாயு போகவில்லை. சாம் என்று பெயரிடப்பட்ட அந்தப் பையனுக்கு மூளை முடக்குவாதம். கை கால் நான்குமே பாதிப்பு. ஒரு கையின் நரம்பும் சேதம். முன்கூட்டியே சிசேரியன் செய்திருந்தால் அவன் எந்தக் குறையும் இல்லாமல் பிறந்திருப்பான். இதிலும் வழக்கில் சண்டை இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீதிமன்றத்தில் கேட்டபோது டாக்டர் மறைக்காமல் பதில் சொன்னார். தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்தைச் சர்க்கரை நோயுள்ள ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் சொன்னால் எல்லாரும் சிசேரியன்தான் கேட்பார்கள். பெண்களுக்குச் சிசேரியன் செய்வது அவர்கள் நலனுக்கு உகந்ததல்ல. குழந்தைக்குப் பெரிய கேடு வரும் வாய்ப்போ மிகவும் சிறியது. ஆகவே சொல்வது வழக்கமில்லை.

இந்தப் பதிலில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. சிசேரியன் பெரிய அறுவைசிகிச்சைதான். இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, அடுத்த பிரசவத்தில் வரக்கூடிய சிக்கல் எல்லாம் உண்மை. அந்த டாக்டர் தன் நோயாளிக்கு நல்லது செய்வதாகவே நம்பினார். எனக்கு உறுத்துவதும் அதுதான். ஒரு பெண் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று தெரிந்ததாலேயே அவள் தேர்ந்தெடுக்க முடியாதபடி விஷயத்தை அவளிடமிருந்து எடுத்துவைத்துக்கொள்வது, நல்லெண்ணத்தோடு நடந்தாலும், அவளுடைய உடம்பைப் பற்றிய முடிவை அவளுக்குத் தெரியாமல் எடுப்பதுதான்.

ஆனால் 1999-இல் சட்டம் டாக்டர் பக்கம் இருந்தது. ஏன் என்று புரிய நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போக வேண்டும்.

1954-இல் லண்டன் ஃப்ரையர்ன் மனநல மருத்துவமனையில் ஜான் போலம் என்பவருக்கு மின் அதிர்ச்சி சிகிச்சை கொடுத்தார்கள். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுக்கவில்லை, உடம்பைப் பிடித்துவைக்கவும் இல்லை. உடம்பு தூக்கிப் போட்டதில் இடுப்பு எலும்பு இரண்டு பக்கமும் முறிந்தது. இப்படி ஆகலாம் என்று யாரும் அவரிடம் முன்னதாகச் சொல்லவில்லை. 1957-இல் வழக்கு மருத்துவமனைக்குச் சாதகமாக முடிந்தது. அதிலிருந்து ஒரு விதி நிலைத்தது: பொறுப்புள்ள டாக்டர்களில் ஒரு சாரார் ஏற்கும் முறைப்படி நடந்துகொண்ட டாக்டர் கவனக்குறைவாக நடந்தவர் ஆகமாட்டார். எப்படிச் சிகிச்சை செய்வது என்பதற்கு இது நியாயமான அளவுகோல். எலும்பை எப்படிச் சேர்ப்பது என்று டாக்டர்களைத்தானே கேட்க வேண்டும்? சிக்கல், அதே அளவுகோலைக் கொண்டு நோயாளியிடம் எதைச் சொல்வது என்பதையும் அளந்ததில் இருக்கிறது. மற்ற டாக்டர்களும் சொல்வதில்லை என்றால் சொல்லாதது குற்றமில்லை என்று ஆயிற்று.

ஏமி சிடவே என்ற பெண்ணுக்கு 1974-இல் முதுகுத்தண்டில் அறுவைசிகிச்சை நடந்தது. தண்டுவடம் பாதிக்க நூற்றில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. அது நடந்துவிட்டது, பெருமளவு முடங்கிப்போனார். அறுவைசிகிச்சை செய்த டாக்டர் விசாரணைக்கு முன்பே இறந்துவிட்டார், அவர் என்ன சொன்னார் என்று கேட்க ஆளில்லை. 1985-இல், அன்று பிரிட்டனின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஏமிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்கார்மன் மட்டும், சொல்ல வேண்டியது எது என்பதை நோயாளியின் இடத்திலிருந்து பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்று தனியாக எழுதினார். அவர் எழுதியது அப்போது சட்டம் ஆகவில்லை. மற்ற நாடுகள் அந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தன. அமெரிக்கத் தலைநகரின் நீதிமன்றம் 1972-இல், கனடா 1980-இல், ஆஸ்திரேலியா 1992-இல்.

ஆஸ்திரேலிய வழக்கை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மரீ விட்டேக்கருக்குச் சிறு வயதிலேயே ஒரு கண் பார்வை போய்விட்டது. அந்தக் கண்ணில் அறுவைசிகிச்சை செய்தால் நல்ல கண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடாதே என்று டாக்டரைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நல்ல கண்ணுக்கும் பாதிப்பு வரப் பதினாலாயிரத்தில் ஒரு வாய்ப்பு இருந்தது. டாக்டர் சொல்லவில்லை. அது நடந்தது, அவர் ஏறக்குறைய முழுதாகவே பார்வை இழந்தார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பதினாலாயிரத்தில் ஒன்று என்பது வெறும் எண்ணாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. இருப்பதே ஒரு கண் என்றால் அதுதான் எல்லாம்.

பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கு இந்தக் காற்று வீசவில்லை. ஆறாவது குழந்தையைச் சுமந்திருந்த திருமதி பியர்ஸ் 1991-இல் தேதி தாண்டி இரண்டு வாரம் ஆகியும் வலி வராமல் டாக்டரிடம் கெஞ்சினார்: வலி வரவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிசேரியன் செய்யுங்கள். பொறுத்திருங்கள், இயற்கையாக வரட்டும் என்றார் டாக்டர். காத்திருப்பதால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ கூடுகிறது என்பதைச் சொல்லவில்லை. குழந்தை இறந்து பிறந்தது. அந்தச் சிறிய வாய்ப்பைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று அவர் வழக்கும் தோற்றது.

நாடினும் முதலில் தோற்றார். ஒரு முறையில்லை, இரண்டு முறை. ஸ்காட்லாந்தின் எடின்பர்க் நீதிமன்றத்தில் 2010-இலும், அங்கேயே மேல்முறையீட்டில் 2013-இலும். அவர் பயப்பட்டதை நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனால் குறிப்பாக இன்ன ஆபத்து உண்டா என்று கேட்கவில்லையே என்றார்கள். பொதுவாகப் பயத்தைச் சொன்னால் போதாது, திட்டவட்டமாகக் கேள்வி கேட்டால்தான் டாக்டர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

செக்கப் அறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு தலைகீழான நியாயம் என்று தெரியும். தோள் மாட்டிக்கொள்ளும் என்பதையே கேள்விப்படாத பெண் தோள் மாட்டிக்கொள்ளுமா என்று எப்படிக் கேட்பாள்? அவளுக்குத் தெரிந்த மொழியில், குழந்தை பெரிதாக இருக்கிறதே, வந்துவிடுமா என்றுதான் கேட்பாள். நாடின் அதைத்தான் கேட்டார். விவரம் தெரிந்தவள் கேட்டுத் தெரிந்துகொள்வாள், விவரம் தெரியாதவள் தெரியாமலே போவாள் என்றால் அந்தச் சட்டம் யாருக்குத் தேவையோ அவளைத்தான் கைவிடுகிறது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் பின்னால் சுட்டிக்காட்டியதும் இதையேதான்.

2014 ஜூலையில் வழக்கு அங்கே வந்தது. ஐந்து பேருக்குப் பதில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். பழைய தீர்ப்பிலிருந்து விலகக் கேட்கும் வழக்குபோல மிக முக்கியமானவற்றில்தான் அப்படி உட்காருவார்கள். பிரிட்டிஷ் டாக்டர்களின் பதிவையும் ஒழுங்கையும் கவனிக்கும் பொது மருத்துவக் கவுன்சிலும் தன் கருத்தைச் சொல்ல முன்வந்தது. நோயாளியோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று அது டாக்டர்களுக்கு ஏற்கெனவே 2008-இல் வழிகாட்டியிருந்தது. தொழில் முன்னே போயிருந்தது, சட்டம்தான் பின்தங்கியிருந்தது.

2015 மார்ச் 11 அன்று ஏழு பேரும் ஒருமனதாக நாடினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். நீதிபதிகள் கெர், ரீட் இருவரும் எழுதிய முக்கியத் தீர்ப்பின் சாரம் எளிமையானது. ஒரு சிகிச்சையில் உள்ள முக்கியமான ஆபத்தையும், அதற்கு என்ன மாற்று உண்டு என்பதையும் நோயாளிக்குத் தெரியப்படுத்த டாக்டர் தக்க முயற்சி எடுத்தாக வேண்டும். முக்கியம் எது என்பதை டாக்டர்கள் வழக்கமாக என்ன சொல்கிறார்கள் என்பதை வைத்து அளக்கக் கூடாது. அந்த நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் அதைப் பொருட்படுத்துவாரா, அல்லது இந்தக் குறிப்பிட்ட நோயாளி பொருட்படுத்துவார் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். சதவீதத்தை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. புரியாத மருத்துவச் சொற்களைக் கொட்டிவிட்டு, படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் கடமை தீர்ந்துவிடாது. சொன்னால் நோயாளிக்குப் பெருங்கேடு விளையும் என்றாலோ, மயங்கிக் கிடப்பவருக்கு அவசரச் சிகிச்சை என்றாலோ மட்டும் விலக்கு உண்டு. சொன்னால் நமக்குப் பிடிக்காத முடிவை எடுத்துவிடுவாளே என்பதற்காக அந்த விலக்கைப் பயன்படுத்தக் கூடாது.

வழக்கின் போக்கில் ஒரு திருப்பம் எனக்கு மறக்க முடியாதது. சொல்லாதது தவறு என்று நிரூபித்தால் மட்டும் போதாது. சொல்லியிருந்தால் நாடின் சிசேரியனைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். கீழ் நீதிமன்றம் அதை நம்பவில்லை. நம்பவைத்தது டாக்டரின் சொந்த வாக்குமூலம்தான். சொன்னால் எல்லாரும் சிசேரியன் கேட்பார்கள் என்று சொல்லாததற்கு அவர் காட்டிய காரணமே, சொல்லியிருந்தால் நாடினும் கேட்டிருப்பார் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. சாமுக்கு 52.5 லட்சம் பவுண்டு இழப்பீடு கிடைத்தது. அப்போது அவனுக்கு வயது பதினைந்து.

அந்த ஏழு பேரில் ஒரே பெண் நீதிபதி ஹேல். மற்றவர்களோடு ஒத்துப்போனபோதும் தனியாகச் சில பக்கம் எழுதினார். பிரசவ விஷயத்தில் தாயின் நலனையும் குழந்தையின் நலனையும் நிறுத்துப் பார்ப்பதில் மருத்துவ அறிவோடு மனித மதிப்பீடும் கலந்திருக்கிறது என்றார். சிசேரியன் தாயின் நலனுக்கு உகந்ததல்ல என்பது மருத்துவ உண்மை போலத் தோன்றினாலும், இயற்கையான பிரசவமே உயர்ந்தது என்ற ஒரு மதிப்பீடும் அதற்குள் இருக்கிறது. தாய்க்கு அந்த மதிப்பீடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கர்ப்பமானதால் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை. இதை எழுத 2015 வரை ஆனதே என்று எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கடல் தாண்டி இந்தச் சட்டம் ஒரே மாதிரி போய்ச்சேரவில்லை. மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம் ஆஸ்திரேலிய வழியை 2006-இன் இறுதியிலேயே ஏற்றது. சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் நாடின் வழக்கைத் தழுவி ஒரு விதி வகுத்தது. டாக்டர்களுக்குக் கலக்கம் வரவே, 2020-இல் நாடாளுமன்றம் வேறு சட்டம் இயற்றி மருத்துவ வட்டாரத்தின் ஏற்புக்கு மறுபடியும் இடம் கொடுத்தது.

இந்தியாவில் இந்த விஷயத்தில் எல்லாரும் சுட்டுவது 2008-இன் சமீரா கோலி வழக்கு. மாதவிடாய்ப் போக்கு நிற்காமல் டாக்டரிடம் போன 44 வயதுப் பெண் அவர். உள்ளே பார்த்துச் சோதிப்பதற்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்தார்கள். மயக்கத்தில் இருக்கும்போது வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். விழித்தபின் அவரையே கேட்கலாம் என்ற நிலையில், முடிவெடுக்கும் திறனுள்ள பெரியவருக்குப் பதிலாகத் தாய் சம்மதம் கொடுக்க முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அந்த மட்டில் பெரிய தீர்ப்பு. ஆனால் நோயாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற கேள்வியில், இந்திய நிலைமை வேறு என்று சொல்லி அமெரிக்க வழியை ஏற்க மறுத்து, மருத்துவ வட்டாரம் ஏற்கும் அளவையே பிடித்துக்கொண்டது. நாடின் வழக்கின் தீர்ப்பு அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து வந்தது.

தமிழ்நாட்டில் கதை எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனையில் அது இன்னும் அதிகம். நாடினிடமிருந்து சிசேரியனைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மறைக்கப்பட்டது. இங்கே பல பெண்களுக்குச் சிசேரியன் என்ற முடிவு மட்டும் வருகிறது, ஏன் என்ற விளக்கம் வருவதில்லை. கொடி சுற்றியிருக்கு, தண்ணி குறைஞ்சிருக்கு, தலை இறங்கல என்று அரை வாக்கியம். லேபர் வார்டு வாசலில் கணவரிடமோ மாமியாரிடமோ படிவம். மேசையில் படுத்திருப்பவளுக்கு எதில் கையெழுத்து என்று கடைசிவரை தெரியாது. அந்தச் சிசேரியன்களில் பலவும் தேவையானவையாகவே இருக்கலாம், தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியவையாக இருக்கலாம். அதைச் சொல்லிப் புரியவைத்திருக்க முடியும் என்பதுதான் என் வாதம். நாடின் வழக்கு சிசேரியனுக்கு ஆதரவான வழக்கும் இல்லை, எதிரான வழக்கும் இல்லை. பெல்ஷில்லில் கேட்கப்பட வேண்டிய அதே கேள்வியைத்தான் மதுரையிலும் கேட்க வேண்டும்: அவளிடம் சொன்னீர்களா?

இதைச் சொன்னால், வெளிநோயாளிப் பிரிவில் காலை முழுவதும் கூட்டம், யாருக்கு நேரம் இருக்கிறது என்று அரசு மருத்துவமனை டாக்டர்கள் கேட்பார்கள். அவர்கள் படும் பாடு உண்மை. ஆனாலும் நம்மிடம் ஓர் ஏற்பாடு தயாராக இருக்கிறது. இங்கே கர்ப்பிணிகளை ஆரம்பத்திலேயே பதிவுசெய்து எண் கொடுக்கிறோம், தாய் சேய் நல அட்டை கொடுக்கிறோம், கிராம சுகாதாரச் செவிலியர் மாதாமாதம் பார்க்கிறார். 36-வது வாரத்தில், வலி வருவதற்கு முன்னால், பதற்றமில்லாத ஒரு நாளில், செவிலியரோ டாக்டரோ பத்து நிமிடம் அவளோடு உட்காரட்டும். குழந்தை எப்படி இருக்கிறது, எந்த வழியில் பிறக்க வாய்ப்பு, அதில் அவளுக்கும் குழந்தைக்கும் என்ன ஆபத்து, வேறு வழி என்ன, காத்திருந்தால் என்ன ஆகும் என்று அவள் பேசும் தமிழில் சொல்லட்டும். சொன்னதை அந்த அட்டையில் நான்கு வரி எழுத இடம் விடட்டும். அதற்குக் கீழே கணவரோ மாமியாரோ போடாமல் அவளே கையெழுத்துப் போடட்டும்.